கருவி பெருத்தால் அறிவு பெருகுமா?

உயிருக்கு உடம்பும் புலன்களும் எதற்கு என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறது: அறிவதற்கு. உயிர் தானாக எதையும் அறிய மாட்டாமல் ஆணவ இருளில் கிடக்கிறது. இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்று உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் அனுபவத்தையும் கொடுத்து அதை விழிக்க வைக்கிறான். கிள்ளானில் எங்கள் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தேகம் எழும். அறிவதற்காகத்தான் கருவி என்றால், கருவி பெருக்கப் பெருக்க அறிவும் பெருகுமா? நான் டயர் கடை வைத்துப் பிழைப்பவன். "அண்ணே, இந்தக் காருக்கு எவ்வளவு அகலம் போகலாம்?" என்று வாரம் தவறாமல் வந்து நிற்கும் தம்பிகள்தான் இந்தச் சந்தேகத்தை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அவர்களில் பலர் ஓட்டிவருவது டொயோட்டா 86. 2012இல் வந்த கார். இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், ஏறக்குறைய 1,240 கிலோ எடை, பின்சக்கர இயக்கம். கம்பெனி மாட்டி அனுப்பியது 215/45 டயர், 17 அங்குல ரிம். ரிம்மின் அகலம் ஏழே அங்குலம். அந்த மிஷெலின் பிரைமசி டயர், எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்கென்றே செய்த ப்ரியஸ் காரின் ஒரு வகைக்கும் போகிற டயர். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதையா போடுவது என்று அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். காரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாடா தெரிந்தேதான் செய்தார். பிடி குறைவாக இருந்தால், வண்டியின் சமநிலையைச் சாதாரண வேகத்திலேயே ஓட்டுகிறவன் உணர்வான் என்பது அவர் கணக்கு. ஒரு பெரிய கம்பெனி, பிடியைக் குறைத்து உணர்வைக் கூட்டலாம் என்று துணிந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தம்பிகள் கேட்பது ஒன்பது அங்குல ரிம், 245/40 டயர். வெளிவிட்டம் இரண்டரை மில்லிமீட்டர்தான் கூடும், ஆகவே வேகமானி தடுமாறாது. இடம்தான் பிரச்சினை. ரிம் இரண்டு அங்குலம் அகலமானால் உள்பக்கம் 25 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 25 மில்லிமீட்டர் கூடும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அதை மாட்டும் முகத்துக்கும் உள்ள தூரத்தை, அதாவது ஆஃப்செட்டை, 48இலிருந்து 42க்குக் குறைத்தால் உள்ளே 19, வெளியே 31. ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்ப்பேன். பிறகு ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு சக்கரத்தை ஜாக்கில் ஏற்றி ஸ்பிரிங்கை அமுக்கி, ஃபெண்டரின் உள்மடிப்பில் ரப்பர் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். உரசினால் மடிப்பைச் சூடுகாட்டி உருட்ட வேண்டும். அவசரப்பட்டால் பெயிண்ட் வெடிக்கும்.

அகலம் கூடினால் பிடி கூடுமா? கூடும். உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பிரெஞ்சுக்காரர் அமோந்தோன் 1699இல் வெளியிட்ட விதி அது. டாவின்சி அவருக்கு முன்பே கண்டு குறித்துவைத்திருந்தார். மரத்துக்கும் இரும்புக்கும் அது ஏறக்குறையச் சரி. ரப்பர் அதற்கு அடங்காது. பாரம் ஏற ஏற, ஒவ்வொரு கிலோவுக்கும் ரப்பர் தரும் பிடி குறைந்துகொண்டே போகும். வளைவில் பாரமெல்லாம் வெளிச்சக்கரத்தின் மேல் சாயும்போது, அந்தப் பாரத்தை அகலமாகப் பரப்பிக் கொடுத்தால் ரப்பர் நன்றாகத் தாங்கும். ஆகவே தம்பிகளின் ஆசையில் பொய் இல்லை.

ஆனால் காற்றழுத்தம் அதேதான் என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. இந்தக் காரில் ஒரு சக்கரத்துக்கு 125 சதுர சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். மாறுவது அந்தத் தடத்தின் வடிவம். ஒடுங்கி நீண்டிருந்தது, அகன்று குட்டையாகிறது. என் சந்தேகத்துக்கு விடை அங்கேதான் இருந்தது.

வளைவில் திரும்பும்போது தடத்தின் பின்பகுதி அதிகமாக இழுபடும். அந்த இழுவை சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். ஸ்டீரிங்கில் நம் கைக்குத் தெரியும் கனம் அதனால் வருவது. பிடி தீரும் நேரம் நெருங்கினால் முதலில் வழுக்கத் தொடங்குவதும் அதே பின்பகுதிதான். கையிலிருந்த கனம் குறையும். டயர் முழுக்கக் கைவிடுவதற்கு முன்பே ஸ்டீரிங் லேசாகிவிடும். கவனமுள்ள கைக்கு அது போதும். தடம் நீளமாக இருந்தால் இந்தச் சேதி தெளிவாக வரும். தடம் குட்டையாகி, டயரின் பக்கச்சுவரும் விறைத்துவிட்டால் சேதி மெலிந்துபோகும். போதாக்குறைக்கு, வெளியே தள்ளிய ரிம் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் ஸ்டீரிங்குக்குக் கொண்டுவந்து இரைச்சல் போடும். எல்லை எட்டப் போய்விடுகிறது. எல்லை வருகிறது என்ற தகவலும் கூடவே மங்கிவிடுகிறது. கருவி பெருத்தது. அறிவு குறைந்தது.

இதற்குச் சமயத்தின் பெயரால் சட்டென்று சொல்லிவிடக்கூடிய இரண்டு பதில்கள் உண்டு. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆசையே தவறு, இருப்பது போதும் என்பது ஒன்று. வளைவைச் சுத்தமாக எடுக்க வேண்டும் என்று ஓர் இளைஞன் தவிப்பதை நான் குற்றமாகப் பார்க்க மாட்டேன். எந்தக் கலையும் அந்தத் தவிப்பில்தான் பிறக்கிறது. படைத்தவன் வைத்த அளவை மாற்றக் கூடாது என்பது மற்றொன்று. படைத்தவர்களே மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். போர்ஷே 911 அறுபதுகளில் 165 டயரோடு வந்தது. 1973இன் கரேரா ஆர்எஸ் காரில் பின்சக்கரத்துக்கு அதே கம்பெனி 215 போட்டது. கம்பெனி அளவு என்பது விலை, மழை, சத்தம், எண்ணெய்ச் செலவு எல்லாவற்றுக்கும் நடுவே செய்த சமரசம். அதை வேதமாக்க வேண்டியதில்லை.

எனக்கு வழிகாட்டியது சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார் மரபின் வேறொரு கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அமைத்தார். உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகிவிடும் என்பது அந்த மரபின் அடிப்படை. ஆணவம் முதலான மலத்தைச் சார்ந்தால் மலமாய் நிற்கும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாய் விளங்கும். கருவியைச் சார்ந்தாலும் அப்படித்தானே? ஓட்டுகிறவன் டயரைச் சார்கிறான். சேதி சொல்லும் டயரோடு சேர்ந்தவன் கேட்கக் கற்கிறான். எல்லாம் தாங்கும் என்ற டயரோடு சேர்ந்தவன், எல்லாம் தாங்கும் என்ற மனத்தோடு ஓட்டத் தொடங்குகிறான்.

இது வெறும் தத்துவம் என்று நினைப்பவர்கள் மியூனிக் நகரத்து டாக்சிகளைப் பார்க்கலாம். 1980களில் அங்கே ஒரு டாக்சி நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பிரேக் இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. சில ஆண்டுகள் கணக்கெடுத்துப் பார்த்ததில் ஏபிஎஸ் வண்டிகளுக்கு விபத்து குறையவில்லை. அவற்றை ஓட்டியவர்கள் வளைவுகளில் இன்னும் துணிச்சலாகத் திரும்பியிருந்தார்கள். கிடைத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள்.

என் அம்மா காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். இன்றைய டயரிலும் அந்த மரத்துப் பால் இருக்கிறது, ஆகவே அவரைப் பற்றிச் சொல்வது விலகிப் போவதாகாது. ரப்பர் மரப்பட்டையில் பால்குழாய்கள் உள்ளே போகப் போக அடர்த்தி. அதற்கும் உள்ளே மரத்தின் உயிர்ப்படலம். அதில் கத்தி பட்டால் மரம் புண்ணாகி, அந்த இடத்தில் நல்ல பட்டை மறுபடி வளராது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி 1890களில் வகுத்த வெட்டுமுறையின் சிறப்பே, அந்தப் படலத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவுவது. நல்ல பாலுக்கும் தீராத காயத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான். விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், அம்மா அதைக் கையால் அறிந்தார். "மேல்பட்டை நறநறன்னு இருக்கும்டா. உள்ள போகப் போக கத்தி வழவழன்னு ஓடும். அங்க நிறுத்திடணும்" என்பார். அவர் கையில் இருந்தது சின்னக் கத்தி. அந்த நறநறப்பைக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற கத்தி. ஒரே இழுப்பில் ஆழமாக இறங்கும் கத்தியைக் கொடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், மரங்கள் போயிருக்கும்.

எதிர்த்துக் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. என் மகளே கேட்டாள். "அப்பா, குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தா, பிடி கூடின டயர்தானே காப்பாத்தும்? அதைத் தடுக்கிறது தர்மமா?" நியாயமான கேள்வி. அந்தக் குழந்தைக்காகத்தான் நான் பேசுகிறேன். பிரேக் பிடிக்கும்போது கைகொடுப்பதில் ரப்பரின் தரமும், தேயாத பள்ளங்களும், சரியான காற்றும் முதலில் நிற்கின்றன. அவை 215 அகலத்திலேயே கிடைக்கும். நம் ஊரில் பிற்பகல் மழை கொட்டித் தார்ரோட்டில் நீர் நிற்கும்போது அகல டயர் சீக்கிரமாக நீர்மேல் ஏறி மிதக்கும், குறுகல் டயர் நீரைப் பிளந்து தரையைத் தேடும். வேகம் 60இலிருந்து 75க்கு ஏறினாலே மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். குறுகல் டயரோடு பிடியை இழப்பவன் குறைந்த வேகத்தில் இழக்கிறான். உலு யாம் மலைச்சாலையில் எதிரே சைக்கிள் மிதித்து வருகிறவருக்கு உயிர்பிழைக்க அது ஒரு வாய்ப்பு. எல்லையைத் தள்ளிவைத்து ஓட்டுகிறவன், தன் தவற்றின் விலையை முகம் தெரியாத இன்னொருவர் கணக்கில் ஏற்றுகிறான். அறத்தைப் பற்றிய கேள்வி எனக்கு இங்கேதான் கூர்மையாகிறது. என் அறியாமைக்கு நான் விலை கொடுக்கலாம், பிறரைக் கொடுக்க வைக்க எனக்கு உரிமை இல்லை.

அப்படியென்றால் அகல டயரே கூடாதா? சித்தாந்தம் பக்குவம் என்று ஒன்றைச் சொல்கிறது. உயிரின் பக்குவத்துக்குத் தக்கபடிதான் இறைவன் அருள் வெளிப்படும். முந்தியும் வராது, பிந்தியும் வராது. கருவிக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்று நினைக்கிறேன். அறிவு முன்னே போக வேண்டும், கருவி பின்னே வர வேண்டும். சிப்பாங் ஓட்டப்பாதையில் வருடக்கணக்காக ஓட்டிப் பழகியவர்களுக்கு அகல டயரின் மெல்லிய சேதியும் கேட்கும். அங்கே எதிரே வண்டி வராது, சைக்கிளும் வராது. அவர்களுக்கு 245 மாட்டும்போது என் மனம் உறுத்துவதில்லை.

ஆகவே தம்பிகளே, முதலில் அதே 215ஐ நல்ல ரப்பரில் வாங்குங்கள். வண்டி ஓடிச் சூடேறும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். அலைன்மெண்ட் செய்துகொள்ளுங்கள். சிப்பாங்கில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் அந்த டயரோடு போய் ஓட்டுங்கள். ஸ்டீரிங் லேசாகிற இடம் உங்கள் கைக்குத் தெரிந்த பிறகு கடைக்கு வாருங்கள். ஒன்பது அங்குல ரிம்மை நானே மாட்டித் தருகிறேன்.