ஆளுக்கொரு நிமிடம்

காங்கேயத்துத் தேங்காய் உலர்களங்களில் டீ குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் "பத்து நிமிசத்துல வந்தர்றனுங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் கைபேசியைப் பார்க்காமலே சரியாக வந்து கொப்பரையைக் கிளறத் தொடங்கிவிடுவார். இன்னொருவர் அரை மணி கழித்து வந்து, "இப்பத்தானுங்க போனேன்" என்பார். முன்னவருக்கு நல்ல பெயர், பின்னவருக்கு ஏச்சு. அந்த ஏச்சில் பாதி அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குள் பத்து நிமிடந்தான் ஓடியிருக்கிறது.

1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரம் இல்லாமல் குகைக்குள் இரண்டு மாதம் தனியே இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணச் சொன்னால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். சோம்பேறி செய்கிற காரியமா இது?

நம் மதுரையிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் பகலும் இரவும் தெரியாத தனியறை அமைத்து, அதில் ஆட்களைத் தங்கவைத்து உடலின் கடிகாரத்தை ஆராய்ந்தார். ஜெர்மனியில் இதே வழியில் ஆராய்ந்த யூர்கன் ஆஷாஃப் 1985-இல் எழுதியது இன்னும் நுட்பமானது. தனிமையில் யாருக்கு விழித்திருக்கும் பொழுது நீண்டதோ, அவர் 'ஒரு மணி நேரம்' என்று கணித்த பொழுதும் கூடவே நீண்டது. சில நொடிகளைக் கணிப்பதில் அந்த மாற்றம் இல்லை. அதாவது நொடிக்கு ஓர் அளவு, மணிக்கு வேறோர் அளவு. பனியன் கம்பெனியில் தாளம் தப்பாமல் தைக்கிற டெய்லர், சாப்பாட்டு இடைவேளையைத் தவறாகக் கணித்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

ஒரே ஆளுக்குக்கூட நாளுக்கு நாள் மாறும். காய்ச்சலில் கிடப்பவர் அறுபது எண்ணி முடிக்கும்போது கடிகாரத்தில் நிமிடம் முடிந்திருக்காது. 1930-களில் உடலியலாளர் ஹட்சன் ஹோக்லண்ட் தம் மனைவியின் காய்ச்சலில் இதைக் கண்டு அளந்தார்.

இன்று கண்ணை மூடி, மனத்துக்குள் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். முந்துகிறவரா, பிந்துகிறவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். முல்லைப்பாட்டுக் காலத்து அரசனே பாசறையில் பொழுதை அளந்து சொல்லத் தனி ஆள் வைத்திருந்தான். களத்துக்காரர்களே, மேஸ்திரிகளே, அடுத்த முறை யாரையும் ஏசுவதற்கு முன், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு கடிகாரம் மாட்டிவையுங்கள்.