அம்பும் எய்தவனும்

‘எய்தவனிருக்க அம்பை நோவானேன்?’ என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. தீங்கு செய்தவனை விட்டுவிட்டு, அவன் கைக்கருவியாய் நின்ற எளியவனைக் கடிந்துகொள்வது அறமாகாது என்பது அதன் கருத்து. ததாகதரும் அம்பைக்கொண்டே ஓர் உவமை கூறியருளினார். உலகம் நிலையுள்ளதா, நிலையற்றதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை பெற்றாலன்றித் துறவில் நில்லேன் என்று நின்ற மாலுங்கியபுத்தருக்குச் சொல்லியது அது. நச்சம்பு தைத்த ஒருவன், எய்தவன் எக்குலத்தான், நெட்டையனா, குட்டையனா, வில்லின் நாண் எதனாலாயது என்பவற்றையெல்லாம் அறிந்த பின்னரே அம்பைப் பிடுங்கவிடுவேன் என்று மருத்துவனைத் தடுப்பானாயின், அவற்றை அறியுமுன் அவன் உயிர் நீங்கிவிடும். அவன் கேட்கும் வினாக்களுள் குலத்தைப் பற்றியதும் ஒன்றாயிருத்தல் நாம் உற்று நோக்கத்தக்கது.

பழமொழி எய்தவனைத் தேடச் சொல்கின்றது. உவமையோ அம்பை முதலிற் பிடுங்கச் சொல்கின்றது. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டனவா? ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்துண்ணும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. வேலையில் இடையூறு நேருந்தோறும் நம் முன் வந்து நிற்கும் வினா இதுவேயாகும்.

இளமையில் யான் ஓர் இயந்திரப் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்து வந்தேன். ஒரு நாள் நீரிறைக்கும் பம்பின் பேரிங் தீய்ந்து இயந்திரம் நின்றுபோயிற்று. வந்த மேலதிகாரி கேட்ட முதற் கேள்வி, ‘இதற்குப் பொறுப்பாளி யார்?’ என்பதே. எண்ணெயிடும் வேலை ஹெல்ப்பராயிருந்த ஓர் இளைஞனுடையது. அவன் நாள் தவறாது எண்ணெயிட்டு வந்ததை யான் கண்ணாரக் கண்டவன். எனினும், அவ்வினா என்பாற் திரும்பிவிடுமோ என்னும் அச்சத்தால் வாய் திறந்தேனில்லை. அன்று மாலையே அவனை வேலையினின்று நீக்கினர். புதிய பேரிங் பூட்டப்பட்டது. காரியம் முடிந்ததென்று அனைவரும் அமைந்திருந்தோம்.

எட்டாம் நாள் அதுவும் தீய்ந்தது. அப்பொழுதுதான் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் செல்லும் துளை அழுக்கேறி அடைபட்டிருந்தது. மேலே எத்துணை எண்ணெய் வார்த்தாலும் உள்ளே ஒரு துளியும் சென்றிருக்க இயலாது. கம்பியால் குத்தி அத்துளையைத் திறக்கக் கால் மணி நேரமே பிடித்தது. அவ்விளைஞனைத் தேடிச் சென்றேன். அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தான்.

குற்றவாளியைக் காண்பதும் காரணத்தைக் காண்பதும் ஒன்றென்று அன்று மயங்கினோம். அவை ஒன்றல்ல. துக்கம், துக்கத்தின் தோற்றம், துக்கத்தின் நீக்கம், நீக்கும் வழி என்னும் நான்கு வாய்மைகளுள் இரண்டாவது, துக்கம் எதனால் தோன்றிற்று என்று வினவுகின்றதேயன்றி, எவனால் என்று வினவவில்லை. நோயின் காரணத்தை நாடும் மருத்துவன் நோயாளியின்மீது வழக்குத் தொடுப்பதில்லையன்றோ? ‘எதனால்’ என்னும் வினா துளையைத் திறந்தது. ‘எவனால்’ என்னும் வினா ஒரு குடும்பத்தின் அடுப்பை அவித்தது.

மருத்துவன் என்றதும் நினைவுக்கு வருபவர் ஒருவர் உளர். 1971-ம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் கொடுமை மூண்டபோது, சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாய் இந்தியாவுள் புகுந்தனர். மேற்கு வங்காளத்தில் எல்லையை அடுத்த பொங்காவ் என்னுமிடத்து முகாம் மருத்துவமனையில் காலரா பரவிற்று. நோயாளர் தரையெங்கும் கிடந்தனர். இரத்தக் குழாய்வழி ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்தவரும் சிலரே. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், புட்டிகள் ஏன் வரவில்லை, இப்போரை மூட்டியவர் யார் என்று சினந்து கேட்க உரிமையுடையவரே. ஆயின், அவர் கேட்டது வேறு வினா: ‘நம் கையிலிருப்பது யாது?’

கையிலிருந்தவை குளுக்கோஸும், சாதாரண உப்பும், சமையல் சோடாவுமே. குளுக்கோஸ் சேர்ந்தவழி காலரா நோயாளரின் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதற்கு முந்திய ஆண்டுகளில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நிகழ்ந்த ஆய்வுகளால் தெரிந்திருந்தது. ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்னும் அளவில் கலந்து, பீப்பாய்களில் நிறைத்து வைத்தார். தாயும் தமையனும் உறவினரும் குவளையால் முகந்து தம் நோயாளிக்குப் புகட்டினர். முகாம்களில் நூற்றுக்கு முப்பது என்னும் அளவிலிருந்த சாவு, அவர் பார்த்த நோயாளரிடையே நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. இன்று எம்மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இவ்வழியில் வந்ததே. அம்மருத்துவர் 2022-ல் மறைந்தார்.

இங்கே ஒரு தடை எழும். அது நியாயமான தடையே. ‘குறை கூறாதே, வழி சொல்’ என்று எளியவனை நோக்கி வலியவன் சொல்வதும் உண்டு. அறுவர் வேலையை மூவர் தலையில் ஏற்றிவிட்டு, எப்படியாவது முடித்துக் காட்டுங்கள் என்பவன் தீர்வைத் தேடுகிறவன் அல்லன். தன் வில்லை மறைப்பவன். அம்பைப் பிடுங்கிக்கொண்டேயிரு, எய்பவனை நோக்காதே என்பது ததாகதர் உவமையின் பொருளாகாது. உவமையிற் கண்டிக்கப்பட்டது, உயிர் காக்கும் வேலையைத் தள்ளிப்போடும் வீண் வினாவே. அடுத்த அம்பைத் தடுக்கும் வினா வீணன்று.

பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் அந்நாளில் வாரத்துக்கு 54 மணி நேர வேலை சட்டப்படி செல்லும். களைத்த தொழிலாளியைச் சோம்பேறி என்று அவர் வையவில்லை. முதலாளியை வைவதோடு அமையவுமில்லை. 1946-ம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் 54 மணி 48 மணியாயிற்று. வில்லை முறிப்பதென்பது இதுவே.

ஆகவே, பழமொழியும் உவமையும் மாறுபட்டன அல்ல. முறைமையால் ஒன்றையொன்று தொடர்வன. இடையூறு நேர்ந்தவழி முதலில் அம்பைப் பிடுங்குதல் வேண்டும். அஃதாவது, இப்பொழுது துன்புறுவோர் யாவர், அவர் துன்பத்தை நீக்கக் கையிலிருப்பது யாது என்று காணுதல். பின்னர், வில்லை நாடுதல் வேண்டும். அஃதாவது, இது எதனால் நேர்ந்தது, மீண்டும் நேராதிருக்க எதை மாற்றுவது என்று ஆராய்தல். வில் ஒருவன் கையில் இருக்குமாயின், அவன் எத்துணை வலியனாயினும் அதைச் சொல்லுதலே நல்வாய்மை. இவ்விரண்டிடத்தும் அம்பை நோதல் கூடாது.

அன்பர்களே, அன்று அப்பட்டறையில் யான் மூன்றிலும் தவறினேன். மூடியைத் திறந்து பார்ப்போம் என்று ஒரு சொல் சொல்லியிருப்பேனாயின், பேரிங்கும் பிழைத்திருக்கும், அவனும் பிழைத்திருப்பான். அச்சொல்லைச் சொல்ல அறிவு மிகுதியும் வேண்டியதில்லை. அச்சம் சிறிது குறைந்திருந்தால் போதும். நாளை உங்கள் வேலையிடத்தில் ஓர் இயந்திரம் நிற்கலாம், ஒரு கணக்குப் பிழைபடலாம், ‘யார் செய்தது?’ என்னும் குரல் எழலாம். அப்பொழுது அங்குள்ளோரில் மிக எளியவன் முகத்தை ஒரு முறை நோக்குங்கள். பின்னர், மூடியைத் திறந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள்.