விட்டுக்கொடுக்கும் சுவர்

ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எனக்கிருந்த ஒரே கவலை செலவுதான். முன்பகுதி தாத்தா கட்டியது: செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே ஓடு. பின்னால் இரண்டு அறைகள் 1990-களில் அப்பா சேர்த்த கான்கிரீட்.

முன்பகுதியை இடித்தார்கள் என்பதைவிடப் பிரித்தார்கள் என்பதே சரி. ஒரு தட்டு தட்டினால் செங்கல் முழுசாகக் கையோடு வந்தது. காரையைச் சுரண்டி அடுக்கினார்கள். ஓடு, நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் வாங்க ஆள் வந்தது. பின்பகுதிக்கு பிரேக்கர் மெஷின் வந்தது. கம்பியை இரும்புக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மிஞ்சியவை கான்கிரீட் கட்டிகள்.

"இதை என்னண்ணே பண்றது?"

"பசங்க பாத்துப்பாங்க தம்பி. லோடுக்கு இவ்ளோன்னு குடுத்துருங்க" என்றார் மேஸ்திரி.

கொடுத்தேன். எங்கே போகிறது என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கீழ்ச்சரிவு ஓடையில் பார்த்தேன். அம்மா ஆசைப்பட்டு அடிக்கச் சொன்ன நீல பெயிண்டோடு எங்கள் சமையலறைச் சுவர் தண்ணீரை மறித்துக் கிடந்தது. இந்தச் சேர்வராயன் மலையில்தான் திருமணிமுத்தாறு பிறந்து, சேலத்துக்குள் ஓடி, காவிரியில் சேர்கிறது. மலையில் 'கீழே கொட்டியாச்சு' என்றால், கீழே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2016-இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், கழிவை உண்டாக்குபவரையே அதைச் சேகரித்துப் பிரிக்கும் பொறுப்பாளி ஆக்கின. 2025-இல் அறிவித்த புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய திட்டங்களை இணையதளத்தில் பதிவுசெய்து கணக்குக் காட்டச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் என் இரண்டு அறைகள் எந்தத் திரையிலும் தெரியப்போவதில்லை.

சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. தேவையும் இருக்கிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு பிளாக் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். அப்பாவின் அறைகளைப் போலவே அதுவும் 1990-களில் கட்டியது. முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்படி எத்தனையோ குடியிருப்புகளை இடித்துக் கட்டித்தான் ஆகவேண்டும்.

அரைத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா? கான்கிரீட்டை எவ்வளவு உடைத்தாலும் பழைய சிமெண்ட் ஜல்லியை விடுவதில்லை. அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும், வலுவும் குறையும். அதனால்தான் ஐ.எஸ். 383 தரநிர்ணயம், கம்பி போட்ட கான்கிரீட்டில் இந்த ஜல்லியை 20 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது, அதுவும் எம்25 தரம் வரைக்கும்தான். தாத்தாவின் செங்கல் செங்கலாகவே திரும்பி வந்தது. அப்பாவின் தூண் ஒருபோதும் தூணாகாது.

இடிக்கும் நாளில் நான் செய்த தப்பு சின்னது. பெரிய கேள்வி கட்டும் நாளுடையது: நமக்குப் பின் வருபவர்கள் பிரிக்கவே முடியாத ஒன்றைக் கட்ட நமக்கு உரிமை உண்டா? உறுதி என்பதை நாம் எப்போதும் நற்குணமாகவே பார்க்கிறோம். சுண்ணாம்பும் பல தலைமுறை பிடித்துக்கொண்டுதான் நின்றது, கேட்டபோது விட்டுக்கொடுத்தது.

சுண்ணாம்பில் பத்து மாடி கட்ட முடியாது என்பீர்கள். உண்மைதான். வீடில்லாதவரிடம் போய் காரையின் அறத்தைப் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் பத்து மாடியிலும் எது எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்று எழுதிவைக்கலாம். நெதர்லாந்தில் 2017 முதல் மடாஸ்டர் என்ற இணையப் பதிவேடு, கட்டடப் பொருட்களுக்கு பாஸ்போர்ட் மாதிரி ஒன்றைத் தருகிறது. இடித்த பிறகு டன் கணக்கு எழுதுவதைவிட, கட்டும்போதே பேரனுக்கு எழுதும் கடிதமாக டிஜிட்டல் தொழில்நுட்பம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

புது வீட்டின் சுற்றுச்சுவரைப் பழைய செங்கலில், சுண்ணாம்பில் கட்டச் சொன்னேன். "இந்தக் காலத்துலயா?" என்று மேஸ்திரி சிரித்தார், ஆனால் கட்டினார். வீட்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போனில் இருக்கிறது. ஆள் வைத்து ஓடையில் கைக்கு எட்டிய கட்டிகளை மேலே ஏற்றினோம். எட்டாதவை அங்கேதான் கிடக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கீழே நகர்கின்றன.