எண்ணும் பெயரும்

நன்றி உள்ளத்தில் தோன்றும் உணர்வு. ஆயினும், ஓர் ஊர் நன்றி பாராட்ட வேண்டுமாயின் அது கல்லிலோ ஏட்டிலோ விழாவிலோ வடிவம் பெற்றாக வேண்டும். அவ்வடிவத்தை நோக்கினால், அவ்வூர் யாரை மதித்தது என்பதோடு எதற்காக மதித்தது என்பதும் விளங்கும். நாட்டின் பெயரால் போர்க்களம் சென்றவர்களையும், அதே நாட்டின் பெயரால் விளையாட்டுக் களம் சென்றவர்களையும் நாம் எவ்வாறு நினைக்கிறோம் என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

பாகாலா சந்திப்பில் தெற்கு நோக்கி இரயிலேறுவோர் சித்தூரைக் கடந்து காட்பாடியை அடைவர். அங்கிருந்து பாலாற்றைக் கடந்தால் வேலூர். 1911 வரை சித்தூரும் வேலூரும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஆதலின் இப்பகுதித் தமிழர்க்கு வேலூர் அயலூர் அன்று. அங்கே லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. காய்கறியும் மளிகையும் வாங்க வருவோர் அதன் நிழலில் நாள்தோறும் நடக்கின்றனர். அதில் பதித்த கல்வெட்டை நின்று படிப்பவர் சிலரே. முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் துறந்தனர் என்பது அக்கல் கூறும் செய்தி. வேறு பல ஊர்களிலும் இதே வாசகத்தைக் காணலாம். மாறுபடுவன ஊர்ப்பெயரும் எண்களுமே.

அந்தப் பதினால்வர் யார்? எந்தத் தெருவினர்? எவருடைய மக்கள்? கல் அதனைக் கூறவில்லை. அவர்கள் அங்கே எண்ணாக இருக்கின்றனரேயன்றி ஆளாக இல்லை.

தமிழர் மரபு இதுவன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறைமையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கல்லில் வீரனுடைய பெயரையும் பெருமையையும் பொறித்த செய்தியைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் சுட்டுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இதற்குச் சான்று. எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அதில் அவனுடைய நாயும் இடம்பெற்றுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுதி வைத்தனர். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த பெயர், இருபதாம் நூற்றாண்டில் பதினான்கு மனிதர்க்குக் கிடைக்கவில்லை!

இக்குறை வேலூரோடு நின்றதா? இல்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் மடிந்தோர்க்காக ஈராக்கின் பாஸ்ரா நகரில் 1929இல் நினைவுச்சின்னம் எழுந்தது. அதில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இடம்பெற்றன. கீழ்நிலைச் சிப்பாய்களோ படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடங்கினர். இறந்தோர் அனைவரையும் வேறுபாடின்றிப் பெயர் சொல்லி நினைப்பதே போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. ஆயினும், இந்தியரும் ஆப்பிரிக்கரும் அங்ஙனம் நினைக்கப்படவில்லை என்பதை அவ்வாணையமே 2021இல் அறிக்கை வாயிலாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கழித்து வந்த வருத்தம் அது.

இனி விளையாட்டுக் களத்தை நோக்குவோம். அதே வேலூரின் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். படையில் பணியாற்றியவரின் மைந்தர். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் தொடைக் காயத்தின் வலியோடு 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். இரண்டுக்கும் இடையே 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பதினொன்றாம் இடம் பெற்றார். தங்கம் வென்ற நாள்களை ஊர் அறியும். பதினொன்றாம் இடத்தை எத்தனை பேர் அறிவர்? அதற்காகச் சிந்திய வியர்வை மட்டும் குறைவா?

சிப்பாய்க்கு எண் உண்டு, பெயர் இல்லை. விளையாட்டு வீரருக்குப் பெயர் உண்டு. ஆனால் எண் உயர்ந்து நிற்கும் வரையில்தான். வேறொருவர் அவ்வெண்ணைக் கடந்ததும் பெயரும் மங்கிவிடுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள் அல்ல. ஒரே குறையின் இரு முகங்கள். நமக்குக் கிட்டிய பயனை எண்ணிப் போற்றுகிறோமேயன்றி, அப்பயனுக்காகத் தம்மைத் தந்த மனிதரைப் போற்றுகிறோம் இல்லை.

முரளிகாந்த் பெட்கர் வாழ்வு இதனை நன்கு விளக்கும். 1965 போரில் குண்டடிபட்டு நடக்கும் ஆற்றலை இழந்த படைவீரர் அவர். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியர் ஒருவர் ஒலிம்பிக், மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் இரண்டிலும் தனிநபராகப் பெற்ற முதல் தங்கம் அதுவே. போரின் வடுவும் வெற்றியின் பதக்கமும் ஒரே உடலில் பொருந்திய அம்மனிதரைப் பத்மஸ்ரீ விருது தேடிவர 2018 ஆயிற்று. நாற்பத்தாறு ஆண்டு! அதற்குள் ஒரு தலைமுறை அவரை அறியாமலே வளர்ந்துவிட்டது.

அன்னியப் பேரரசுக்காகப் போரிட்டவர்க்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. போர் நம்முடையது அன்று; ஆனால் போனவர்கள் நம்மவர்கள். வறுமை துரத்தச் சென்றவரும் இருந்திருப்பர், வீரம் அழைக்கச் சென்றவரும் இருந்திருப்பர். எதன்பொருட்டுச் சென்றார் என அறிவதற்கும் முதலில் அவர் யார் எனத் தெரிய வேண்டுமன்றோ? உயிரை ஈந்தவரோடு பதக்கம் வென்றவரை ஒப்பிடலாமா என்றும் சிலர் கேட்பர். ஒப்பிடலாகாது; உயிர்க்கு நிகர் ஏதுமில்லை. எனினும், மீண்டு வராத இளமை இருவரும் ஈந்ததே. ஈகையின் அளவு வேறாகலாம். ஈந்தவரை ஆளாக மதிக்கும் கடமை வேறாகாது.

எண் கணக்கைச் சேர்ந்தது; கணக்கு ஒருநாள் முடிந்துவிடும். பெயரோ உறவைச் சேர்ந்தது. உறவு தொடர்ந்து நம்மைக் கேள்வி கேட்கும். வள்ளுவர் செய்ந்நன்றியை ஓர் அறமாக வகுத்தமைக்கும், கல்லாகி நின்ற வீரரைப் படைச்செருக்கில் நினைந்தமைக்கும் உட்கிடை இதுவே எனலாம்.

ஆகவே, நாம் செய்யத்தக்கன பெரிய செயல்கள் அல்ல. அந்தப் பதினால்வரின் பெயர்களைப் போர்க் கல்லறை ஆணையத்தின் ஏடுகளிலும், ஊர்ப் பெரியோர் நினைவிலும், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பதக்கங்களின் விளிம்பிலும் தேடலாம். கிடைத்த பெயர்களை அம்மணிக்கூண்டின் அருகே பொறிக்கலாம். வென்றவரை மட்டுமன்றி, தோற்று மீண்டவரையும் நம் பள்ளிகளுக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். நம் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளின், எடுத்தனூர்க் கல்லை நட்ட முன்னோர்க்கு நாம் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு வாய்க்கும்.