அலைகடலில் மறைந்த இளம் மாலுமி



1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தினின்றும் ஒரு கப்பல் கனடாவுக்குப் புறப்பட்டது. அதன் பெயர் ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’. அது வாரணாசியின் பெயர். அந்நகரின் அருகிலுள்ள இசிபதனத்து மான்சோலையிலன்றோ பகவான் அறவாழியை முதன்முதல் உருட்டினார்! அப்பெயர் தாங்கிய கலம், குண்டுவீச்சுக்குத் தப்புவிக்கும் பொருட்டு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளையும் சுமந்து சென்றது. செப்டம்பர் 17-ஆம் நாள் இரவு, நடு அட்லாண்டிக்கில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று அதனை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அக்குழந்தைகளில் 77 பேர் மாண்டனர். மாலுமிகளுள் பெரும்பான்மையோர் இந்தியர். அவர்களிலும் மிகப் பலர் மீளவில்லை.

மீளாத அம்மாலுமிகளுள் ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்துங்கள். அவன் போர்வீரன் அல்லன். துப்பாக்கி ஏந்தியவனும் அல்லன். வீட்டு வறுமை நீங்கக் கப்பலேறிய கூலியாள். ஊரிலிருந்த அவன் தாய்க்குச் செய்தி வந்தது, உடல் வரவில்லை. “எரிக்கவும் புதைக்கவும் ஏதுமில்லையே; சடங்கு காணாத என் மகனின் கதி யாது?” என அவள் கேட்பாளாயின், நாம் என்ன விடை கூறுவோம்?

அம்மையே! கதியைத் தருவது சடங்கன்று. அவரவர் செய்த வினையே. நெருப்பில் வெந்த உடலும் நீரில் கரைந்த உடலும் ஒன்றே, இரண்டும் அநித்தியம். நின் பசி தீர்க்கப் புறப்பட்ட அவனது அன்பே அவனுக்குத் துணை.

மகாஜனக ஜாதகத்தை நாம் அறிவோம். சுவர்ணபூமிக்குச் சென்ற கலம் உடைய, போதிசத்துவர் ஏழு நாள் கடலில் நீந்தினார். கடற்காவல் தெய்வமாகிய மணிமேகலை தோன்றி, “கரை காணாக் கடலில் ஏன் வீணே முயல்கின்றாய்?” என வினவ, முயன்றவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். “அவரைத் தெய்வம் காத்தது, என் மகனை ஏன் காக்கவில்லை?” என்று தாய் கேட்பது நியாயமே. ஆனால் அக்கதையின் சாரம், தெய்வம் தூக்கிச் சென்றதில் இல்லை; அதற்கு முன்னர் அவர் கூறிய விடையில் உள்ளது. கரை சேர்ந்தவன் மட்டுமே வென்றவன் என்று தம்மம் கூறவில்லை.

அக்கப்பலின் படகொன்று 46 பேருடன் எட்டு நாள் அலைந்தது. ஆறு சிறுவரும், பெருந்தொகையான இந்திய மாலுமிகளும் அதில் இருந்தனர். சிறிதளவு நீரை அளந்து பகிர்ந்து உயிர் தாங்கினர். நிறமும் சாதியும் அங்கே எவர் தாகத்தையும் தணிக்கவில்லை. பகிர்ந்த நீரே தணித்தது.

பகை கொள்ளுதலும் வேண்டா. அப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்றோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் மாண்டனர். அவர்தம் தாய்மாரும் கல்லறை காணாது அழுதவரே. கடல் இரு கண்ணீரையும் வேறு பிரிக்கவில்லை. நாம் ஏன் பிரித்தல் வேண்டும்?

அப்போரில் உயிர்நீத்த பிரிவுபடாத இந்தியாவின் வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேர் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் நினைவுகூரப்படுகின்றனர். நம் இல்லத்தில் எவரேனும் கடலில் மறைந்திருப்பின், திதிக்குப் புரோகிதரைத் தேடி அலையாதீர். அந்நாளில் பஞ்சசீலம் ஏற்று, பசித்தவருக்கு உணவும் ஏழைப் பிள்ளைக்குப் புத்தகமும் அளித்து, அப்புண்ணியத்தை மறைந்தவருக்கும், அவரை மாய்த்தவருக்கும் ஒருங்கே பகிர்ந்தளியுங்கள். அதுவே அவர்க்குக் கல்லறை. அதுவே நமக்குக் கரை.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க!

சாது! சாது! சாது!