கீழே இறங்கும் ஆசிரியர்



ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவான இன்று ஒரு விமானப் பயிற்சி ஆசிரியரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன். 1907-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். பறப்பதற்குத் தவியாய்த் தவித்தார். நிறத்தைக் காட்டி விமானப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. கடன் வாங்கிச் சொந்தமாகச் சிறு விமானமே வாங்கி, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு ஜெர்மானிய விமானி முறையாகப் பயிற்சி கொடுக்க, 1932-இல் உயர்நிலை உரிமமும் பெற்றார்.

தமக்கு மறுக்கப்பட்ட அதே கல்வியை அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின இளைஞர்களுக்கு அவர் வாரி வழங்கினார். மாணவர்கள் அவரை 'சீஃப்' என்றே அழைத்தார்கள். 1941 மார்ச்சில் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அங்கே வந்தார். பாதுகாவலர்கள் தடுத்தும் கேளாமல், ஆண்டர்சனின் சிறு விமானத்தில் ஏறிப் பறந்தார். கறுப்பர்களால் விமானம் ஓட்ட முடியாது என்று பலர் நம்பிய காலம் அது.

பைப்பர் கப் என்னும் அந்தச் சிறு விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். இரண்டிலும் கட்டுப்பாட்டுக் கோல் உண்டு. மாணவர் தடுமாறினால் ஆசிரியர் உடனே பிடித்துக்கொள்வார். ஆனால் ஒருநாள் ஆசிரியர் ஓடுபாதையோரம் இறங்கிக்கொண்டு, தனியாகப் போய் வா என்பார். மாணவருக்கு எதிரே முன் இருக்கை காலி. நெஞ்சு படபடக்கும். ஆசிரியரின் எடை இல்லாததால் விமானமோ முன்பைவிட விரைவாக மேலேறும்!

இயேசுவும் அந்த ஆசிரியரைப் போன்றவரே. தாம் போவதே சீடர்களுக்கு நல்லது என்று இராவுணவின்போது சொன்னார். யாரை நம்பிப் போனார்? தம்மை மறுதலித்த பேதுருவை, காயத்தைக் காணாமல் நம்பாத தோமாவை. கலிலேய மலையில்கூடச் சிலர் ஐயுற்றார்கள் என்கிறார் மத்தேயு. அவர்கள் தேறும்வரை ஆண்டவர் காத்திருக்கவில்லை. உலகெங்கும் நற்செய்தி அறிவிக்கும் பொறுப்பை அந்தக் கைகளில் கொடுத்துவிட்டு, தூய ஆவியாரை அனுப்புவதாக வாக்களித்து விண்ணேறினார்.

நாமோ நம் பிள்ளைகளுக்காக முன் இருக்கையை விட்டு இன்னும் இறங்கவில்லை. பீடச்சிறுவராக, பாடகராக வளர்ந்தவர்களுக்குப் பங்குப்பேரவையில் பேச இடமில்லை. இது எனக்கு வேதனை தருகிறது. பெரியவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்த வாரம் அன்பியக் கூட்டத்தை இளையோர் நடத்தட்டும். இறைவார்த்தைப் பகிர்வையும் அவர்களிடமே விடுங்கள். இடையில் திருத்தாமல், கடைசிவரை அமர்ந்து கேளுங்கள்.