மூன்று படியும் ஒரு ஜன்னலும்

திருத்தணி மலைக்குப் படி 365. எங்கள் வீட்டுக்குப் படி மூன்று இருந்தது. மலைப்படி இன்றும் 365தான். எங்கள் வாசலில் ஒன்றுகூட இல்லை. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி உள்ளே போயிற்று. கல்யாணமாகி வந்த புதிதில் ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறேன்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துவிடக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்குள் எங்கள் மூன்றாவது படியும் போய்விட்டிருந்தது.

படி போனதோடு முடியவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் நிலைப்படியை ஒட்டிச் சிமென்டில் தடுப்பு கட்டினோம். ஜன்னல்கள் ரோட்டு மட்டத்துக்கு இறங்கிவிட்டதால் தூசி நேராகக் கட்டிலில் வந்து படுத்தது. கிருத்திகை அன்று வரிசையாக நிற்கும் வேன்களின் புகை வேறு. ஒவ்வொன்றாக ஜன்னலைச் சாத்தினோம். கடைசியாகச் சாத்தியது பூஜை அறையின் ஒரு அடி ஜன்னல். விளக்கு அணைகிறது என்று அதற்கு அட்டை வைத்து ஆணி அடித்தேன். தெரு உயர்ந்தது ஊருக்கே தெரிந்தது. வீட்டுக்குள் காற்று நின்றுபோனது எனக்கே தெரியவில்லை.

அமெரிக்காவில் வீடு வாங்கப் போன மகள் ஒருநாள் போன் செய்தாள். அங்கே கீழ்த்தளத்தில் ஒரு சின்ன டப்பாவை இரண்டு நாள் வைத்து, ரேடான் வாயு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்களாம். “நம்ம வீட்ல பாத்தியாம்மா?” என்றாள். “பத்திரம் பாத்தோம், வில்லங்கம் பாத்தோம், வாஸ்து கூடப் பாத்தாச்சு. காத்தை யாருடி பாத்தா?” என்றேன்.

சிரித்துவிட்டேனே தவிர, உள்ளே குத்தியது. முப்பது வருஷம் அறிவியல் எடுத்தவள் நான். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் என்று மந்த வாயுக்களை மனப்பாடம் செய்யவைத்து ஒரு மார்க் கேள்வியும் கேட்டிருக்கிறேன். அந்த ஆறாவது பெயர் காலுக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் கொஞ்சம் உண்டு. கருங்கல்லில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அது சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. நிறமில்லை, மணமில்லை. தரை விரிசல் வழியாக மேலே வரும். திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். அடைத்த அறையில் தங்கும். 3.8 நாளில் பாதியாகக் குறையும், ஆனால் கீழேயிருந்து வந்துகொண்டே இருக்கும். அது சிதைந்து பிறக்கும் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதற்கு அடுத்த பெரிய காரணங்களில் ஒன்று இது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரெலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போனால் கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. தேடிப் பார்த்தால், ரேடான் சிதைந்த துகள்களை அவர் வீட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்.

இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். “கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயப்படுவாங்களா? முருகன் பாத்துப்பான், விடு டீச்சர்” என்றார். அவர் கண்ணுக்கு முருகன் மட்டும் தெரிகிறானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. மாதாமாதம் கிருத்திகைக்கு மலை ஏறுகிற எனக்கும் அதே கேள்விதான். காணாத கடவுளைக் கேள்வி கேட்காமல் ஏற்கிற மனசு, காணாத வாயுவை ஏன் கதை என்று தள்ளுகிறது?

நம் பெரியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் என்ற நூலின் சுபக்கப் பகுதி, சிவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பேசுகிறது. ஒன்றை உண்டு என்று எப்படி அறிவது? காண்டல், கருதல், உரை: கண்டறிவது, புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது, நம்பத்தக்கவர் வாக்கை ஏற்பது. அறியும் வழிக்கும் ‘அளவை’, படியால் அளப்பதற்கும் ‘அளவை’. ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரேடானுக்குக் காண்டல் இல்லை. கருதல் உண்டு. ஒரு சிறு பிளாஸ்டிக் படலத்தை அறையில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். ஆல்ஃபா துகள் பட்ட இடத்தில் நுண்ணிய வடு விழும். காரக் கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் வடுக்களை எண்ணுவார்கள். வந்தவரைப் பார்க்கவில்லை, காலடியை எண்ணுகிறோம். உரை? அதை நாம் தினமும் ஏற்கிறோம். 1960 ஏப்ரல் 1 அன்று எங்கள் ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்த எல்லைக் கோட்டை மண்ணில் யார் பார்த்தது? அரசாங்கம் எழுதியதை நம்பித்தான் இன்றும் இருக்கிறோம். அப்படி நம்பப்படுகிறவர்களுக்கு, கண்ணில் படும் ரோட்டைப் பற்றி மட்டுமல்ல, படாத காற்றைப் பற்றியும் வாய் திறக்கிற கடமை உண்டு என்பேன்.

‘முருகன் பார்த்துப்பான்’ என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அளந்து பார்க்க முடிந்ததை அளக்காமல் அவன் தலையில் கட்டுவது பக்தி ஆகாது, சோம்பல். சூரனோடு போரிட்டுச் சினம் தணிந்த இடம் தணிகை என்கிறார்கள். அவனும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுத்தான் இங்கே வந்து அமர்ந்தான்.

எங்கள் வீட்டில் ரேடான் எவ்வளவு என்று இன்னும் அளக்கவில்லை. படலத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்குள் செலவில்லாத ஒன்றைச் செய்தேன். போன கிருத்திகை காலையில் ஆணியைப் பிடுங்கி, பூஜை அறை ஜன்னலின் அட்டையை எடுத்தேன். தெருத் தூசி ஒரு பிடி உள்ளே விழுந்தது. விளக்கின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று வருகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விளக்கை மூலைக்கு நகர்த்தி வைத்தேன்.